கல்விக்காகக் கை நீட்டுவது இழிவல்ல



இந்த மாதம் விலைவாசியைப் பற்றியோ, வரியைப் பற்றியோ, பெரிய கம்பெனிகளின் போட்டியைப் பற்றியோ நாம் எழுதப் போவதில்லை. நமது வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறோம். வீட்டு விஷயத்தைச் சங்க இதழில் எழுதலாமா என்று முதலில் தயங்கினோம். இன்று நமக்கு வந்தது நாளை நம் அங்கத்தினர் பலர் வீட்டுக்கும் வரும் என்பதால் எழுதத் துணிந்தோம்.

நாம் பருப்பு, மல்லி, வற்றல் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். தகப்பனார் வைத்த கடை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. நமக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கடையில் இருக்கிறான். இளையவனை எம்.பி.ஏ. வரை படிக்க வைத்தோம். படித்து வந்ததும் பக்கத்து ஊரில் ஒரு கிளை போட்டு அவன் கையில் கொடுப்பதாகத் திட்டம். அவனோ ஒரு நாள் வந்து, ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான்.

“வாத்தியார் வேலையா?” என்று கேட்டோம்.

“இல்லப்பா, நிதி திரட்டுற பிரிவு. பழைய மாணவர்களையும் வசதி உள்ளவங்களையும் பார்த்து, ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் கேட்கிற வேலை” என்றான்.

நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நாலு பேருக்குக் கொடுக்கிற கல்லாவில உட்கார வேண்டியவன், நாலு பேர் வாசல்ல போய்க் கை நீட்டப் போறியா?” என்று கேட்டுவிட்டோம். அவன் பதில் பேசவில்லை. அடுத்த வாரம் வேலையில் சேர்ந்துவிட்டான். அதன் பிறகு இரண்டு வருடங்கள், கல்யாண வீடுகளில் யாராவது “சின்னவர் என்ன செய்றார்?” என்று கேட்டால், “காலேஜில வேலை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம். இன்று அப்படி மாற்றுவதில்லை. ஏன் என்பதே இந்தக் கட்டுரை.

நன்கொடை என்ற சொல் கெட்டது எப்படி?

யாசகம் கூடாது என்று சிறு வயதிலேயே படித்தவர்கள் நாம். ஆனால் வள்ளுவரே 106ஆவது அதிகாரத்தை இரத்தலுக்கும், அதற்கு அடுத்த அதிகாரத்தை இரப்பதற்கு அஞ்சுதலுக்கும் ஒதுக்கியிருக்கிறார். யாரிடம், எதற்காக, எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பெருமையும் சிறுமையும் இருக்கிறது என்பதை அந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படித்தால் விளங்கும்.

இதைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் ‘காலேஜ் நன்கொடை’ என்றாலே சீட்டுக்குக் கொடுக்கும் பணம் என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டிலேயே கட்டாய நன்கொடையைத் தடை செய்து சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் எத்தனை தகப்பன்மார் பையில் பணத்தை வைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். பெயர் நன்கொடை, உள்ளே நடப்பது விற்பனை. மனமுவந்து கொடுப்பதும், திரும்ப எதையும் எதிர்பாராததும்தான் நன்கொடை. இந்த வித்தியாசம் தெரியாமல் நாமும் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டோம்.

அது என்ன வேலை?

மகன் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். கேட்டுப் பார்த்தால் நம் தொழிலுக்கு அது அவ்வளவு தூரமில்லை.

முதலில் பேரேடு. முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்பு படித்துப் போனவர் இப்போது எங்கே இருக்கிறார், என்ன தொழில், எந்த ஆசிரியர்மீது அவருக்குப் பிரியம் என்று குறித்து வைக்க வேண்டும். அடுத்தது பழக்கம். முதல் சந்திப்பிலேயே பணம் கேட்பவன் இந்த வேலைக்கு உதவமாட்டானாம். புது ஊர் வாடிக்கையாளரிடம் முதல் நாளே லோடு லோடாகச் சரக்குத் தள்ள நினைக்கும் சேல்ஸ்மேனை நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான். அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அவர் மனத்தில் எது இருக்கிறது, மருத்துவமா, விவசாயமா, பெண்கள் படிப்பா என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற திட்டத்தைக் கொண்டு போக வேண்டும்.

பணம் வந்த பிறகுதான் பாதி வேலை ஆரம்பம். ரசீது, நன்றிக் கடிதம், எந்த மாணவருக்கு எவ்வளவு போயிற்று என்று வருடா வருடம் கணக்கு. சிலர் கொடுக்கும் தொகையை வைப்பு நிதியாகப் போட்டு, முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் உதவித்தொகை கொடுக்கிறார்கள். 10 லட்ச ரூபாய் போட்டு 6 சதவீத வட்டி வந்தால் வருடம் 60,000 ரூபாய். ஒரு பிள்ளையின் கட்டணத்துக்கு உதவியாகும். அந்தப் பிள்ளை முடித்துப் போனால் அடுத்த பிள்ளை. முதல் மட்டும் அப்படியே நிற்கும். முதலைத் தின்னாதே என்று நம் தகப்பன்மார் நமக்குச் சொன்ன பாடம்தானே இது?

இன்னொன்றைக் கேட்டு நாம் ஆச்சரியப்பட்டோம். “வசூலில உனக்கு எத்தனை சதவீதம்?” என்றோம். “சதவீதமே கிடையாதுப்பா, சம்பளம்தான்” என்றான். அமெரிக்காவில் இத்தொழில் செய்வோருக்கென்று இருக்கும் சங்கத்தின் நெறிமுறையில், வசூலில் கமிஷன் வாங்கக் கூடாது என்றே விதி உண்டு. கமிஷன் ஆசை வந்தால் கொடுப்பவரின் விருப்பத்தைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்க்கத் தோன்றும் அல்லவா? தரகு பார்த்துப் பழகிய நமக்கு அதன் நியாயம் உடனே புரிந்தது.

இது ஏதோ அயல்நாட்டுச் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். நம் சென்னை ஐ.ஐ.டி. 2023-24ஆம் ஆண்டில் மட்டும் பழைய மாணவர்களிடமும் மற்றவர்களிடமும் 513 கோடி ரூபாய் திரட்டியது. 2024இல் அங்கே படித்த கிருஷ்ணா சிவுக்குலா என்பவர் ஒருவரே 228 கோடி ரூபாய் வழங்கினார். இப்படிப்பட்ட தொகைகள் தாமாக நடந்து வருவதில்லை. அதற்கென்று ஓர் அலுவலகமும், வருடக்கணக்கில் தொடர்பு விடாமல் பேணும் ஆட்களும் வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

இரண்டு டாலரும் ஆறு முட்டையும்

இந்த வேலையை வாழ்நாள் தொண்டாகச் செய்தவர்களைப் பற்றி மகன் கொடுத்த புத்தகங்களில் படித்தோம். அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் புக்கர் டி. வாஷிங்டன். அடிமையாகப் பிறந்தவர். 1881இல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பின மக்களுக்கான பள்ளியைத் தொடங்கி நடத்தினார். அதுவே இன்று டஸ்கீகி பல்கலைக்கழகம். பள்ளியை நடத்தப் பணம் வேண்டுமே! ஊர் ஊராகப் போய், வாசல் வாசலாக ஏறி இறங்கினார்.

ஹண்டிங்டன் என்ற ரயில்வே முதலாளியை முதன்முதல் சந்தித்தபோது அவர் கொடுத்தது இரண்டே டாலர். வாஷிங்டன் முகம் சுளிக்கவில்லை. பள்ளி ஒழுங்காக நடக்கிறது, கொடுத்த காசு வீண் போகவில்லை என்பதைக் காட்டிக்கொண்டே வந்தார். அதே முதலாளி தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் கொடுத்தது 50,000 டாலர். எஃகு வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய கார்னகியும் முதல் சந்திப்பில் அக்கறை காட்டவில்லை. பத்து வருடம் பொறுத்திருந்து கடிதம் எழுதிய பிறகு நூலகக் கட்டடத்துக்கு 20,000 டாலர் கொடுத்தார்.

இவ்வளவு பெரிய தொகைகளை வாங்கியவர், எழுபது வயதைத் தொட்ட ஓர் ஏழைக் கிழவி கந்தல் உடையோடு வந்து ஆறு முட்டைகளைக் கொடுத்ததையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். தான் அடிமையாக வாழ்ந்த காலத்தை நினைத்து, பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று அந்த அம்மாள் கொடுத்த முட்டை. அதைவிடத் தம் மனத்தைத் தொட்ட நன்கொடை வேறில்லை என்பது அவர் கருத்து. கடையில் நூறு கிராம் வாங்க வருபவரையும் நூறு மூட்டை வாங்க வருபவரையும் ஒரே முகத்தோடு பார்க்க வேண்டும் என்று நாம் பையன்களுக்குச் சொல்கிறோம். அவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

வக்கீல் தொழிலை விட்டவர்

நம் நாட்டில் பண்டித மதன் மோகன் மாளவியா இருக்கிறார். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நல்ல வருமானமுள்ள வக்கீல். காசியில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பதற்காக அந்தத் தொழிலைக் கைவிட்டார். 1911இல் அதற்காக ஒரு சங்கம் பதிவாயிற்று. தர்பங்கா மகாராஜா துணை நின்றார். அன்னி பெசன்ட் அம்மையார் தாம் நடத்திய கல்லூரியையே இதற்குக் கொடுத்தார். அரண்மனைகளிலும் வியாபாரிகள் வீடுகளிலும் சாதாரண மக்களிடமும் மாளவியா கேட்டார். 1915இல் சட்டம் நிறைவேறி, 1916 பிப்ரவரி 4ஆம் தேதி காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1919 முதல் 1938 வரை அவரே துணைவேந்தராக இருந்தார். யாசகர்களின் அரசர் என்றே அவரை மக்கள் அன்போடு சொல்வதுண்டு.

அவருக்கு வாதத் திறமை போய்விட்டதால் தொழிலை விட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சௌரி சௌரா வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற விவசாயிகளுக்காக மறுபடியும் கறுப்பு அங்கி அணிந்து வாதாடிப் பலர் உயிரைக் காப்பாற்றியவர் அவர். கோர்ட்டில் சம்பாதிக்கத் தெரிந்த மனிதர், வாசலில் நின்று கேட்பதைத் தேர்ந்தெடுத்தார். இதை எண்ணியபோது, நம் மகனிடம் சொன்ன வார்த்தை நம்மையே உறுத்தியது.

நம் முன்னோர் செய்தது

அவ்வளவு தூரம் போவானேன்? மகமை என்றால் என்னவென்று இந்த இதழைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று நம் வியாபாரிகள் பொதுவுக்கு எடுத்து வைத்த காசில்தான் தென்மாவட்டங்களில் எத்தனையோ பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன. 1880களில் விருதுநகரில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையும், வீடு வீடாகச் சேர்த்த பிடி அரிசியும் துணை நின்றன. சிறுவன் காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

பிடி அரிசி தானாகப் பானையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து போயிருக்காது. யாரோ ஒருவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போயிருக்க வேண்டும். அரிசி போட்டவர்களை நினைக்கிறோம். சாக்குத் தூக்கியவரை யாராவது நினைத்தோமா?

யாரிடமும் வாங்கிவிடலாமா?

கேட்பவருக்குப் பொறுப்பும் உண்டு. அமெரிக்காவில் யேல் என்று ஒரு பெரிய பல்கலைக்கழகம். அந்தப் பெயர் நம் சென்னையிலிருந்து போனது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த கும்பினி அதிகாரி. பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த அந்தக் கல்லூரிக்காரர்கள் ஆள்மூலமும் கடிதம்மூலமும் அவரிடம் கேட்டார்கள். 1718இல் அவர் ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகங்களும், மன்னரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலை போயிற்று. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

ஆனால் அவர் சொந்த லாபத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் பதவி இழந்தவர். அவர் காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதும் வரலாறு. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்புக் கேட்டது. வாங்கும்போது பார்க்காத கணக்கை முந்நூறு வருடம் கழித்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே, யார் பணம், எந்த வழியில் வந்தது, என்ன நிபந்தனை என்று பார்த்து, சில சமயம் வேண்டாம் என்று சொல்லவும் இவ்வேலை செய்பவருக்குத் தைரியம் வேண்டும். மகனும் அப்படி ஒரு தொகையை வேண்டாமென்று சொல்லிவிட்டு மேலதிகாரியிடம் விளக்கம் எழுதிக் கொடுத்தானாம்.

மன நிறைவு எங்கே இருக்கிறது?

சென்ற வருடம் மகன் கூப்பிட்டான். “உதவித்தொகை கொடுக்கிற விழாப்பா. நீங்களும் அம்மாவும் ஒரு தடவை வந்து பாருங்க” என்றான். வீட்டில் வற்புறுத்தியதால் போனோம். சிறிய மண்டபம். சுமார் முப்பது பிள்ளைகள். நம் பக்கத்து நாற்காலியில் ஒருவர். பேச்சுக் கொடுத்ததில் அவரும் மளிகைக் கடைக்காரர் என்று தெரிந்தது. பத்துக்குப் பன்னிரண்டு கடை. ஐந்து நிமிடத்தில் துவரம் பருப்பு விலைக்கு வந்துவிட்டோம். பிறகு அவராகவே சொன்னார்:

“அண்ணாச்சி, மக இன்ஜினியரிங். முதல் வருஷம் நகைய வச்சுக் கட்டிட்டேன். ரெண்டாம் வருஷம் கடையவே அடமானம் வைக்கிறதா இருந்தேன். இந்த உதவி வந்ததுல கடை தப்பிச்சுது.”

மேடையில் கொடையாளியின் பெயரை வாசித்தார்கள். பிள்ளைகளின் பெயர்களை வாசித்தார்கள். அந்தக் கொடையாளியை இரண்டு வருடத்தில் பதினொரு முறை போய்ப் பார்த்தவன் நம் மகன். அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. பின்வரிசையில் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவரிடம் நாமும் சொல்லவில்லை.

திரும்பும்போது கேட்டோம். “உன் பேரை யாருமே சொல்லலையே?”

“தரகர் பேரை மூட்டையில எழுதுவாங்களாப்பா? சரக்குப் போய்ச் சேர்ந்தாச் சரி.”

அந்த முகத்தில் இருந்த நிறைவை, ஒரே நாளில் மூன்று லாரி சரக்கு விற்ற அன்றுகூட நம் முகத்தில் கண்ணாடியில் பார்த்ததில்லை.

கஷ்டமே இல்லையா என்றால் இருக்கிறது. வருடத்துக்கு இவ்வளவு என்று இலக்கு உண்டு. பத்துப் பேரைப் பார்த்தால் ஒன்பது பேர் இல்லை என்பார்கள். ஒரு முதலாளி இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு, “அப்புறம் பார்க்கலாம்” என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாராம். மகன் சிரித்துக்கொண்டே சொன்னான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம், அப்படி உட்கார வைத்தவர்களில் நாமும் ஒருவர். முப்பது வருடம் இருக்கும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஒரு பள்ளிக்கு வகுப்பறை கட்ட ரசீதுப் புத்தகத்தோடு நம் கடைக்கு வந்தார். வியாபார நேரம். “நாளைக்கு வாங்க” என்றோம். மறுநாளும் வந்தார். வெயிலில் நிற்கிறாரே என்று தெரிந்தும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாம் முறை வந்தபோது 101 ரூபாய் கொடுத்து, “சீக்கிரம் ரசீதைப் போடுங்க” என்றோம். அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டு போனார்.

வகுப்பறை எழுந்தது. நம் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். விழாவுக்குப் போய் வந்த மறுவாரம் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பழைய ஆண்டு மலரைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். நம் 101 ரூபாய் அச்சில் இருக்கிறது. அந்தப் பெரியவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. சுவரில் உள்ள கல்வெட்டிலும் இல்லை. அவர் காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. மன்னிப்புக் கேட்க வழியில்லை.

நாம் செய்ய வேண்டியது

வணிகப் பெருமக்களுக்கு நாம் கூறிக்கொள்வது இவ்வளவுதான். கல்விக்காக ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு உங்கள் கடைக்கு வந்தால் முதலில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். எந்த நிறுவனம், யார் பொறுப்பு, போன வருடக் கணக்கு எங்கே என்று தாராளமாகக் கேளுங்கள். கணக்குக் கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல நிறுவனம் கணக்கோடுதான் வரும். சீட்டுக்குப் பேரம் பேசுபவர் வந்தால் வாசலைக் காட்டுங்கள். கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள். நாளைக்கு வா என்று மட்டும் அலைக்கழிக்காதீர்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த வேலைக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். நம் கடைகளில் வளர்ந்த பிள்ளைக்கு ஆளை எடைபோடத் தெரியும், கணக்கு வைக்கத் தெரியும், இல்லை என்ற வார்த்தையைப் பொறுக்கத் தெரியும். அந்தச் சரக்குத்தான் அங்கே தேவை.

நமது இளைய மகன் என்ன செய்கிறான் என்று இப்போது யாராவது கேட்டால், “ஏழைப் பிள்ளைகள் படிக்க நாலு பேரிடம் போய்க் கேட்கிறான்” என்று சொல்கிறோம். மகமைப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு உண்டியலும் வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் அதைத் திறந்து எண்ணி, அந்தத் தலைமையாசிரியர் நின்ற பள்ளிக்கு நாமே நடந்து போய்க் கொடுத்து வருகிறோம். சென்ற மாதம் நாம் போனபோது அலுவலகத்தில் கூட்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் வெளியில் நின்றோம்.

வாழ்க வணிகம்! வளர்க கல்வி!